‘இல்லை’ என்று திரும்பும் முன்: கல்லூரி நூலகத்தில் புத்தகம் தேடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு சேருகிறவர்களில் பலர், பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று தொலைவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி அவர்கள்தான். பள்ளியில் நூலகம் என்று பார்த்தது பூட்டிய இரண்டு பீரோவாக இருக்கும். கல்லூரிக்கு வந்த முதல் மாதம் நூலகத்துக்குப் போய்ப் பாடப்புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். “இல்லப்பா, எல்லாம் போயிடுச்சு” என்று பதில் வருகிறது. அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்து அந்த வாசலை மிதிப்பது மூன்றாம் ஆண்டு முடிவில், நோ டியூ (பாக்கி எதுவும் இல்லை என்ற) கையெழுத்துக்கு.

அந்த ‘இல்லை’யின் பொருள் பெரும்பாலும் ‘இந்த ரேக்கில், இந்த நேரத்தில் இல்லை’ என்பதுதான். கல்லூரி நூலகம் ஒரே குவியல் அல்ல. ஏழெட்டுத் தனித் தொகுப்புகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்றிரண்டு அந்தக் கூரைக்கு வெளியிலும் இருக்கின்றன. எந்தத் தொகுப்பில் எது இருக்கும், அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கேட்ட புத்தகமோ அதற்கு ஈடான ஒன்றோ பெரும்பாலும் கையில் கிடைத்துவிடும்.

போகும் முன்

பாடத்திட்டத்தின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் ஒவ்வொரு தாளுக்கும் அலகுகளை அடுத்துப் பாடநூல் பட்டியலும் பார்வை நூல் பட்டியலும் இருக்கும். இரண்டையும் ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு என்று நான்கு விவரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். “இயற்பியல் புத்தகம்” என்று கேட்டால் நூலகப் பணியாளரால் எதையும் எடுத்துத் தர முடியாது. ஒரே தலைப்பில் ஐந்தாறு ஆசிரியர்கள் எழுதியிருப்பார்கள். மாணவர்கள் பாடநூல் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது அதைத்தான் என்பதால் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். பார்வை நூல் பட்டியலில் உள்ள புத்தகங்கள் அதே பாடத்தை விரிவாகச் சொல்லும். கேட்பாரற்று ரேக்கிலேயே இருக்கும்.

அடையாள அட்டை கட்டாயம். பை வாசலில் உள்ள ரேக்கில் போய்விடும். பணத்தையும் போனையும் அதில் விட்டுப் போகாதீர்கள்.

என்னென்ன தொகுப்புகள்

பாடநூல் பகுதியில் ஒரே புத்தகத்தின் பல பிரதிகள் இருக்கும். செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் காலியாகிவிடும். சில கல்லூரிகளில் இதற்குள்ளேயே புத்தக வங்கி ஒன்று உண்டு. அதில் எடுத்ததைப் பருவம் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். யார் யாருக்கு என்ற விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேர்ந்தவுடன் கேட்டுவிடுங்கள்.

பொது ஸ்டாக் என்பது பெரிய ரேக்குகள். நூலகத்தின் பெரும்பகுதி இதுதான். சில இடங்களில் உள்ளே போய் நீங்களே எடுக்கலாம். சில இடங்களில் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பணியாளர் எடுத்துத் தருவார். இரண்டாவது வகையில் புத்தகத்தின் எண்ணை எழுதாமல் கொடுத்த சீட்டுதான் பாதிக்கு மேல் ‘இல்லை’ என்று திரும்பி வருகிறது.

ரெஃபரன்ஸ் பகுதியில் உள்ளவற்றை வீட்டுக்குத் தர மாட்டார்கள். முதுகில் ‘ஆர்’ அல்லது ‘ரெஃப்’ என்ற அடையாளம் இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. வெளியே போகாது என்பதாலேயே எந்த நேரத்திலும் இருக்கும் தொகுப்பு இது ஒன்றுதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் ஓர் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் ஆகியவை இருந்தால் இங்கேதான் இருக்கும். தமிழ் இலக்கிய மாணவர் அகராதியில் ஒரு சொல்லைப் பார்க்கும்போது பொருளோடு நிற்காமல், எந்த நூலிலிருந்து மேற்கோள் தந்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுரைக்கு அதுவே அடுத்த நூலைக் காட்டிக் கொடுக்கும். இன்னொரு செய்தி: பாடநூல்களில் ஒரு பிரதியை மட்டும் வெளியே விடாமல் ரெஃபரன்ஸில் வைக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. “ரெஃபரன்ஸ் காப்பி இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். தேவையான ஒரு அத்தியாயத்தை அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். சில பக்கம் ஜெராக்ஸும் எடுக்கலாம். படிப்புக்காக அப்படி எடுப்பதற்கு 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போடக் கூடாது.

பருவ இதழ்ப் பகுதியில் அந்த மாத இதழ்கள் சாய்வுப் பலகையில் இருக்கும்; அதற்கு முந்தைய மாதங்கள் பலகைக்கு அடியில். ஆண்டு முடிந்ததும் சேர்த்து பைண்டிங் செய்து ‘பேக் வால்யூம்’ ஆக்குவார்கள். மத்திய அரசின் ‘திட்டம்’ மாத இதழ், அறிவியல் மாணவர்களுக்காகவே இந்திய அறிவியல் அகாடமி 1996 முதல் நடத்தும் ‘ரெசொனன்ஸ்’ போன்றவை செமினார் தலைப்புத் தேடுகிறவர்களுக்குக் கைகொடுக்கும். ரெசொனன்ஸ் இதழ்கள் இணையத்திலும் இலவசம்.

பழைய வினாத்தாள்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இரண்டுக்கும் தனி இடம் இருக்கும், கேட்டாலே காட்டிவிடுவார்கள்.

கூரைக்கு வெளியே இருப்பது துறை நூலகம். உங்கள் துறை அறையில் ஒரு பீரோ நிற்கும். அதில் உள்ளவை பொது நூலகத்தில் பதிந்து துறைக்கு அனுப்பிய புத்தகங்கள். கேட்டலாகில் (நூலகத்தின் புத்தகப் பட்டியலில்) பெயர் இருக்கும், ரேக்கில் இருக்காது. பொது நூலகத்தில் இல்லை என்றதும் அடுத்துக் கேட்க வேண்டிய இடம் இதுதான். சாவி பெரும்பாலும் ஒரு ஆசிரியரிடம் இருக்கும். இடைவேளையில் போய்க் கேளுங்கள்.

முதுகில் உள்ள எண்

எண்ணைப் படிக்கத் தெரியாதவர் ரேக் ரேக்காக அலைய வேண்டியிருக்கும். தெரிந்தவர் நேராகப் போய் நிற்கலாம். புத்தகத்தின் முதுகில் ஒட்டிய லேபிளில் மேல்வரியில் இருப்பது பாட எண், கீழ்வரியில் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். இரண்டும் சேர்ந்ததுதான் கால் நம்பர். பெரும்பாலான கல்லூரிகளில் 1876இல் வந்த டியூயி தசம முறைதான். உலகத்துப் பாடங்களையெல்லாம் பத்து வகுப்பாக்கி 000 முதல் 900 வரை வைத்த முறை அது.

உங்கள் பாடத்துக்கான எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். கணிதம் 510, இயற்பியல் 530, வேதியியல் 540, உயிரியல் 570, தாவரவியல் 580, விலங்கியல் 590. பொருளியல் 330, கணக்குப்பதிவியல் 657, மேலாண்மை 658. கணினி 004 முதல் 006 வரை. ஆங்கில இலக்கியம் 820, இந்திய வரலாறு 954, தமிழ்நாட்டு வரலாறு 954.82. தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. இலக்கியத்தில் அடுத்த இலக்கம் வகையைச் சொல்லும்: 894.8111 கவிதை, 894.8112 நாடகம், 894.8113 கதை, நாவல், 894.8114 கட்டுரை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்கு, கன்னடம் பேசும் மாணவர்களுக்கு: தெலுங்கு இலக்கியம் 894.827, கன்னடம் 894.814. இருக்கிறதா என்று அந்த எண்ணில் போய்ப் பாருங்கள்.

புதியவர்கள் தவறுவது புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணில். 512.12 என்பது 512.5க்கு முன்னால் வரும். பன்னிரண்டு ஐந்தைவிடப் பெரிது என்று நினைத்துப் பின்னால் தேடுகிறார்கள். புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகப் பார்க்க வேண்டும்: முதலில் 1, 5 இரண்டையும் ஒப்பிட்டால் 1 முந்தியது, அவ்வளவுதான். வரிசை 512.02, 512.12, 512.5, 512.55, 512.9 என்று போகும். எடுத்த புத்தகத்தை மாற்றிச் சொருகுவதும் இந்தக் குழப்பத்தால்தான். மாறிச் சொருகிய புத்தகம் அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பு வரை தொலைந்ததற்குச் சமம். எனவே எடுத்துப் பார்த்ததைத் திரும்ப ரேக்கில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிடுங்கள், பணியாளர் வைத்துக்கொள்வார்.

இரண்டாவது சிக்கல், ஒரே பாடம் இரண்டு இடத்தில் இருப்பது. டியூயி முறையில் பொது உயிரியல் முன்பு 574இல் இருந்தது. 1996இல் வந்த 21ஆம் பதிப்புதான் அதை 570க்கு மாற்றியது. உயிர்வேதியியலும் அப்போதுதான் 572க்கு வந்தது. பழைய புத்தகங்களுக்கு யாரும் லேபிள் மாற்றி ஒட்டுவதில்லை. ஆகவே உயிரியல், உயிர்வேதியியல் மாணவர்கள் 570, 572, 574 மூன்றையும் பார்க்க வேண்டும். வேதியியல் ரேக்கில் உயிர்வேதியியலைத் தேடினால் கிடைக்காது. கணினிப் புத்தகங்களில் மிகப் பழையவை 001.64இல் இருக்கும். வணிகவியல் மாணவர்கள் தேடும் புள்ளியியல் 519.5இல், கணித ரேக்கில் உட்கார்ந்திருக்கும்.

பழைய நூலகம் சிலவற்றில் லேபிளில் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறி இருந்தால் மிரள வேண்டாம். அது சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. ‘பி’ கணிதம், ‘சி’ இயற்பியல், ‘இ’ வேதியியல், ‘எக்ஸ்’ பொருளியல், ‘வி’ வரலாறு. ‘ஓ’ என்ற எழுத்தை அடுத்து 31 என்று இருந்தால் தமிழ் இலக்கியம்.

கேட்டலாகில் தமிழில் தேடும்போது

கணினியில் தேடும் வசதியை ஓபேக் என்பார்கள். கோஹா போன்ற மென்பொருளில் இயங்கும். ஆங்கிலப் புத்தகம் எளிதாகக் கிடைத்துவிடும். தமிழ்ப் புத்தகம்தான் ஒளிந்துகொள்ளும். காரணம், பதிவு செய்தவர் எந்த முறையில் தட்டச்சு செய்தார் என்பது ஆளுக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும். சில பதிவுகள் யூனிகோடில் இருக்கும். சில தலைப்புகள் ஆங்கில எழுத்தில், தமிழ் உச்சரிப்பில். மிகப் பழையவை வேறு எழுத்துருவில் ஏறி, இப்போது புரியாத குறிகளாகத் தெரியும்.

எனவே ஒரு முறை தேடி இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். முதலில் தமிழில், தலைப்பின் ஒரே ஒரு சொல்லை மட்டும் போடுங்கள். ‘இலக்கிய வரலாறு’ என்று பிரித்தும் ‘இலக்கியவரலாறு’ என்று ஒட்டியும் இருக்கலாம், ‘இலக்கிய’ என்றால் இரண்டும் வரும். அடுத்து அதே சொல்லை ஆங்கில எழுத்தில். ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் ஆளாளுக்கு ஒரு எழுத்து போட்டிருப்பார்கள், அதையும் மாற்றிப் பாருங்கள். அதற்கு அடுத்து ஆசிரியர். மு. வரதராசனை ‘வரதராசன், மு.’ என்றும், ‘வரதராஜன்’ என்றும், ‘மு.வ.’ என்றும் பதிந்திருக்கக் கூடும். முன்னெழுத்தை விட்டுவிட்டு, கிரந்த எழுத்தோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் தேடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் ரேக்குக்கே போய் அந்த எண்ணில் வரிசையாகப் பாருங்கள். தமிழ் இலக்கியத்தைப் பொறுத்தவரை கணினியைவிட ரேக்கை நம்புவதே நல்லது.

ரேக்கில் இல்லை என்றால்

கேட்டலாகில் பெயர் இருக்கிறது, ரேக்கில் இடம் காலி. இந்த வரிசையில் கேளுங்கள்.

1. அக்சஷன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தின் பத்துப் பிரதிக்கும் கால் நம்பர் ஒன்றுதான். அக்சஷன் நம்பர் ஒவ்வொன்றுக்கும் தனி. அந்த எண்ணைச் சொன்னால்தான் எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க முடியும்.
2. வெளியே போயிருந்தால் திரும்ப வேண்டிய தேதி என்ன என்று கேட்டு, முன்பதிவு செய்யுங்கள். வெளியே சொல்லாத நூலகத்திலும் பெரும்பாலும் இதற்கு ஒரு நோட்டு இருக்கும்.
3. மேல், கீழ் அடுக்குகளையும் திரும்பி வந்து மேசையில் கிடக்கும் குவியலையும் பாருங்கள். இன்று காலை திரும்பிய புத்தகம் மாலை வரை அங்கேயே இருக்கலாம்.
4. துறை நூலகம், ரெஃபரன்ஸ் பிரதி, பைண்டிங்குக்குப் போன கட்டு மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.
5. புதிதாக வாங்கியது என்றால் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, லேபிள் ஒட்டி ரேக்குக்கு வரச் சில வாரம் ஆகும். நூலகர் மேசைக்குப் பின்னால் இருக்கிறதா என்று கேட்டால் அங்கேயே பார்க்க விடுவார்கள்.
6. அதே ஆசிரியரின் பழைய பதிப்பைத் தேடுங்கள்.

ஆறாவது வழி கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. பழைய பதிப்பு என்றதும் முகம் சுளிக்கிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் அது தேவையில்லை. நுண்கணிதம், இயற்கணிதம், இயந்திரவியல், சங்க இலக்கிய உரை ஆகியவற்றில் முப்பது ஆண்டுப் பழைய புத்தகமும் தாராளமாகச் செல்லும். பயிற்சிக் கணக்குகளின் எண் மட்டும் மாறியிருக்கும். இயற்பியலில் ஓரிடம் கவனம்: 2019 மே மாதத்துக்கு முந்தைய புத்தகங்கள் கிலோகிராமை பிளாட்டினம்-இரிடியம் உருளையை வைத்து வரையறுக்கும், இப்போது பிளாங்க் மாறிலியை வைத்துத்தான். வேதியியலில் 113, 115, 117, 118 ஆம் தனிமங்களுக்குப் பெயர் வந்தது 2016இல். அதற்கு முந்தைய தனிம வரிசை அட்டவணையில் அவை தற்காலிகப் பெயரோடு இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. மற்றபடி பயமில்லை.

வணிகவியலில் நேர்மாறு. 2017 ஜூலை 1க்கு முந்தைய மறைமுக வரிப் புத்தகத்தில் ஜிஎஸ்டி கிடையாது. நிறுவனச் சட்டம் 2013க்கு முந்தையது என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லும். வருமான வரியில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களே வேறு. இந்தப் பாடங்களில் பழையதைத் தொடாதீர்கள். பைத்தான் மொழிப் புத்தகமும் அப்படித்தான்: இரண்டாம் பதிப்பு மொழிக்கு எழுதியதில் உள்ள நிரல் மூன்றில் முதல் வரியிலேயே நின்றுவிடலாம்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடங்களுக்கென நூற்றுக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்டது. வரலாறு, புவியியல், பொருளியல், தத்துவம், அடிப்படை அறிவியல் எல்லாவற்றிலும் உண்டு. பழைய அரசுக் கல்லூரிகளின் அடித்தட்டில் பழுப்பேறிக் கிடக்கும். கலைச்சொல் சில மாறியிருக்கும், விளக்கம் தெளிவாக இருக்கும். தூசி தட்டி எடுத்துப் பாருங்கள்.

நம் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது

செய்முறைக் கட்டுரைக்கு ஊரைப் பற்றிய தலைப்பு எடுப்பவர்கள், ‘கிருஷ்ணகிரி’ என்று தேடி ஒன்றும் இல்லை என்று வந்து நிற்பார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அதற்கு முன் தருமபுரி மாவட்டம். தருமபுரியே 1965 அக்டோபர் 2இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆக, ஊத்தங்கரையைப் பற்றிய 1961 மக்கள்தொகைக் கணக்கு சேலம் தொகுதியில் இருக்கும். 1971 முதல் 2001 வரை தருமபுரியில். 2011இல்தான் கிருஷ்ணகிரி என்ற பெயரில். லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டு மேனுவலும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெசட்டியரும் பழைய மாவட்ட விவர நூல்கள்; அவை ‘சேலம்’ என்றுதான் இருக்கும். பெயரிலும் ‘தருமபுரி’, ‘தர்மபுரி’, ‘தகடூர்’ மூன்றையும் போட்டுத் தேடுங்கள். நடுகல், கல்வெட்டு என்றால் தொல்லியல் துறை வெளியீடுகள் 954.82க்கு அருகில் இருக்கும். அதியமானுக்கும் ஔவைக்கும் வரலாற்று ரேக்கை விட்டு 894.8111க்குப் போய்ப் புறநானூற்றைத் திறக்க வேண்டும்.

தலைப்பு ஒன்றுதான், இடம் பல என்பதற்குக் கிருஷ்ணகிரி மாம்பழத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மா சாகுபடி 634இல். கூழ் ஆலை, பதப்படுத்தல் 664இல். உற்பத்தி, விலை, விவசாயிக்குக் கிடைப்பது 338இல். ஏற்றுமதி 382இல். மரத்தின் தாவரவியல் 583இல். ஒரே ரேக்கில் நின்று தேடியவரின் கட்டுரை அரைகுறையாக வருவது இதனால்தான்.

எடுப்பதும் திருப்புவதும்

எத்தனை புத்தகம், எத்தனை நாள், தினம் எவ்வளவு ஃபைன் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. அறிவிப்புப் பலகையில் இருக்கும். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கிழிந்த பக்கம், பிளேடால் வெட்டிய படம் இருந்தால் அங்கேயே காட்டி டேட் ஸ்லிப்பில் குறிப்பு எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எடுத்தவர் தலையில்தான் விழும். தொலைத்துவிட்டால் பெரும்பாலும் அதே புத்தகத்தை வாங்கித் தர வேண்டும் அல்லது விலையைக் கட்ட வேண்டும். மறைத்து வைத்தால் மூன்றாம் ஆண்டில் டிசி வாங்கும்போது நிற்கும். திருப்பிக் கொடுத்ததும் பெயருக்கு நேரே அடித்தாரா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ரேக்

கல்லூரி என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் வழியாக ஆயிரக்கணக்கான மின்னிதழ்களும் மின்நூல்களும் உங்களுக்குத் திறக்கும். நீங்களாகப் பதிவு செய்ய முடியாது. பெயர், வகுப்பு, மின்னஞ்சல் மூன்றையும் நூலகரிடம் கொடுத்தால் அவர் சேர்ப்பார், கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும். வரவில்லை என்று நினைப்பவர்கள் ஸ்பேம் பெட்டியைப் பார்ப்பதில்லை. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னணு நூலகத்தில் நீங்களே பதியலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் போதும், இரண்டும் இலவசம். பஸ்ஸில் சிக்னல் விட்டுப்போகும் பகுதிக்காரர்கள் கல்லூரியில் இருக்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே இல்லை என்றால்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சிறு தொகையில் உறுப்பினராகலாம். போட்டித் தேர்வு, தமிழ் இலக்கியம் இரண்டுக்கும் அங்கே முதலில் போகலாம். கல்லூரிப் பாடநூல் குறைவாகத்தான் இருக்கும்.

அங்கும் இல்லையா, வாங்கச் சொல்லிக் கேளுங்கள். நூலகத்தில் பரிந்துரைப் பதிவேடு இருக்கும். இல்லை என்றால் வெள்ளைத் தாளே போதும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பதிப்பு, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண், விலை, எந்தத் தாளுக்கு, எந்த அலகுக்கு என்று எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி நூலகரிடம் கொடுங்கள். பாடத்திட்டப் பட்டியலில் உள்ள புத்தகம் என்று குறிப்பிட்டால் வலு கூடும்; நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் கூடும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, விலைப்புள்ளி வாங்குவது, ஆர்டர் போடுவது எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் சேரும்.